ஹிராம் பெர்சி மாக்சிம்

ஹிராம் பெர்சி மாக்சிம் (செப்டம்பர் 2, 1869 – பெப்ரவரி 17, 1936) அமெரிக்கப் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். துப்பாக்கியின் வெடியோசையை அடக்கும் கருவியை உருவாக்கியவர். அமெரிக்காவின் தொடக்ககால மோட்டார் வண்டி வடிவமைப்பாளர்களுள் ஒருவர். எனினும் இவர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுவது அமெச்சூர் வானொலித் துறையிலேயே ஆகும். கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1914 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓர் உள்ளூர் வானொலிக் கழகத்திலிருந்து அமெரிக்க வானொலி அஞ்சல் கூட்டமைப்பை உருவாக்கியவர் இவரே. பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார்.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, அரசின் உரிமம் பெற்ற தனிமனிதர்கள் தாமே அமைத்த நிலையங்களிலிருந்து ஒருவரோடு ஒருவர் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையாகும். இதனை ஹாம் வானொலி என்றும் அழைப்பர். பலருக்கும் ஒரே நேரத்தில் நிகழ்ச்சிகளை வழங்கும் ஒலிபரப்பிலிருந்து இது வேறுபட்டது.

இளமைக் காலம்

மாக்சிம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இவரது தந்தை சர் ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். சிற்றப்பா ஹட்சன் மாக்சிம் வெடிபொருள் துறையில் பெயர் பெற்றவர். தந்தை 1880களின் தொடக்கத்தில் ஐரோப்பா சென்று இலண்டனில் நிலைத்துவிட்டமையால், மாக்சிம் தாயின் பராமரிப்பில் வளர்ந்தார். மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1886 இல் படிப்பை முடித்தபோது இவருக்கு வயது 16.

1898 இல் மேரிலாந்து மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஒருவரின் மகளான ஜோசஃபின் ஹாமில்டனை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

பொறியியல் பணிகள்

1890களில் மாசாசூசெட்சில் பணியாற்றியபோது, பெட்ரோல் எந்திரத்தால் ஓடும் மூன்று சக்கர வண்டியொன்றைத் தம் ஓய்வு நேரத்தில் உருவாக்க முயன்றார். இம்முயற்சி இவருக்கு 1895 இல் ஹார்ட்ஃபோர்டில் இருந்த போப் நிறுவனத்தில் வேலை பெற்றுத் தந்தது. மிதிவண்டி உற்பத்தியில் முன்னணியில் இருந்த அந்நிறுவனம் அப்போது மோட்டார் வண்டித் தயாரிப்பில் இறங்கியிருந்தது.

துப்பாக்கி ஓசையடக்கிக்கான காப்புரிமம் இவருக்கு 1909 இல் வழங்கப்பட்டது. வெடிமருந்து வளி குழலை விட்டுத் திடீரென வெளியேறுவதே பேரோசைக்குக் காரணம். அவ்வளியைச் சுழலவிட்டு, விரைவைக் குறைத்து, சிறிது சிறிதாக வெளியேற்றுவதே இக்கருவியின் அடிப்படை. பிற்காலத்தில் இவரது நிறுவனம் இதே அடிப்படையில் எந்திரங்களின் புகைபோக்கி ஓசையைக் குறைக்கும் கருவிகளைச் செய்தது.

ஹார்ட்ஃபோர்டு வானொலிக் கழகம்

அமெரிக்காவின் 1912 ஆம் ஆண்டு வானொலிச் சட்டம் அமெச்சூர் நிலையங்களை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இச்சட்டத்தின்படி அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளத்தையும் ஒரு கிலோவாட்டுக்கு மேற்படாத ஆற்றலையும் மட்டுமே பயன்படுத்தலாம். நீண்ட அலைகளே தொலைவு செல்லும் என நம்பப்பட்ட காலம் அது. ஆகவே யாருக்கும் பயன்படாது எனக் கருதப்பட்ட சிற்றலைகள் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அக்காலத்து நிலையங்கள் மின்பொறியைக் கொண்டு அலைகளை உண்டாக்கி, மோர்சுக் குறிகளால் செய்தி அனுப்பின.

1914 சனவரியில் ஹார்ட்ஃபோர்டு வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அப்போது மாக்சிம் 44 வயதுடைய தொழிலதிபர். கழகத்தில் அவரோடு இணைந்து பணியாற்றிய கிளாரன்சு டஸ்கா பதின்ம வயது இளைஞர். கழகத்தின் பிற உறுப்பினர்களும் பெரும்பாலும் இளைஞர்களே. கூடிப் பேசுவதும், கருவிகளைச் சீர்செய்வதும், அருகிலுள்ள நிலையங்களைக் கேட்பதுமே கழகத்தின் தொடக்கப் பணிகளாக இருந்தன.

அஞ்சல் முறையின் தோற்றம்

1914 ஏப்ரலில் மாக்சிம் மாசாசூசெட்சு மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள அமெச்சூர் ஒருவருக்குச் செய்தி அனுப்ப முயன்றார். இரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மட்டுமே. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை செல்லும் தொலைவுக்கு இது ஏறக்குறைய ஒப்பாகும். மாக்சிமிடம் சட்டம் அனுமதித்த உச்ச ஆற்றலான ஒரு கிலோவாட்டு நிலையம் இருந்தும் அன்று தொடர்பு கிட்டவில்லை. வழியிலுள்ள வின்சர் லாக்ஸ் என்னும் ஊரில் ஒருவர் நிலையம் வைத்திருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. அவரை அழைத்துச் செய்தியை ஒப்படைக்க, அவர் அதனை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஆற்றலைக் கூட்டச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால் ஆட்களைக் கூட்ட எத்தடையும் இல்லை. ஊருக்கு ஒரு நிலையம் ஒழுங்காக இயங்கினால், கைமாற்றிக் கைமாற்றி நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கே செய்தியை அனுப்பிவிடலாம் என மாக்சிம் கண்டார். இத்திட்டத்தை அதே மாதம் கழகக் கூட்டத்தில் முன்வைத்தார். கழகம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வானொலி அஞ்சல் கூட்டமைப்பு இவ்வாறு பிறந்தது. மாக்சிம் தலைவராகவும் டஸ்கா செயலாளராகவும் பொறுப்பேற்றனர்.

இருவரும் தமக்குத் தெரிந்த நிலையங்களுக்கெல்லாம் மடல் எழுதி, விண்ணப்பப் படிவங்களை அனுப்பினர். சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. எந்த ஊரில் யார் உள்ளார், அவரது நிலையம் எத்தனை தொலைவு எட்டும், எந்நேரத்தில் அவர் கருவியின் முன் இருப்பார் என்பவை அஞ்சல் முறைக்கு இன்றியமையாதவை. எனவே நிலையங்களின் பட்டியல் தொகுக்கப்பட்டு உறுப்பினர்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்டது.

கழகத்திலிருந்து பிரிதல்

கூட்டமைப்பு வளர்ந்தபோது சிக்கலும் எழுந்தது. நாடு தழுவிய பணிக்கான செலவை ஓர் ஊர்க் கழகம் ஏற்பது எவ்வாறு என்பதிலும், கூட்டமைப்பு யாருடைய பொறுப்பில் இயங்குவது என்பதிலும் கருத்து வேறுபாடு தோன்றியது. முடிவில் கூட்டமைப்பு ஹார்ட்ஃபோர்டு கழகத்திலிருந்து பிரிந்து, 1915 சனவரியில் கனெடிகட் மாநிலச் சட்டத்தின்கீழ்த் தனி அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது.

சிதறிக் கிடக்கும் உறுப்பினர்களைப் பிணைக்க இதழொன்று தேவைப்பட்டது. 1915 டிசம்பரில் கியூ.எஸ்.டி. என்னும் இதழ் வெளிவந்தது. தொடக்கச் செலவை மாக்சிமும் டஸ்காவும் தம் கையிலிருந்தே ஏற்றனர். அனைத்து நிலையங்களுக்கும் பொதுவான அழைப்பைக் குறிக்கும் தந்திச் சுருக்கமே இதழின் பெயராயிற்று.

இவ்விதழில் முதியவர் என்னும் புனைபெயரில் ஒருவர் நகைச்சுவைக் கட்டுரைகளை எழுதிவந்தார். பிறரது செய்திக்குக் குறுக்கே அலை பரப்புவோர், குறிகளைத் தாறுமாறாக அனுப்புவோர் ஆகியோரை அவர் எள்ளி நகையாடினார். விதிகளால் கொண்டுவர இயலாத ஒழுங்கை இக்கட்டுரைகள் இளைஞரிடையே ஏற்படுத்தின. அவற்றை எழுதியவர் மாக்சிமே என்பது அவரது மறைவுக்குப் பின்னரே வெளியிடப்பட்டது.

1917 தொடக்கத்தில் நடந்த சோதனை ஒன்றில், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குச் சென்ற செய்திக்கான மறுமொழி 1 மணி 20 நிமிடங்களில் திரும்பி வந்தது. வின்சர் லாக்ஸ் நிகழ்ச்சிக்கு அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை.

போர்க்காலத் தடை

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் மூடிக் கழற்றிவைக்குமாறு அரசு ஆணையிட்டது. செய்தி அனுப்புவது மட்டுமன்றிக் கேட்பதும் தடைசெய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான அமெச்சூர்கள் படைகளில் வானொலி இயக்குநர்களாகச் சேர்ந்தனர். கூட்டமைப்பு செயலிழந்தது, இதழும் நின்றது.

போர் 1918 நவம்பரில் முடிந்தது. ஆனால் தடை நீங்கவில்லை. மாறாக, வானொலித் தொடர்பைக் கடற்படையின் கட்டுப்பாட்டில் நிலையாக வைப்பதற்கான சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தின் ஆய்வில் இருந்தது. அது நிறைவேறியிருந்தால் அமெச்சூர் வானொலி மீண்டிருப்பது அரிது. மாக்சிம் வாஷிங்டன் சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் அமெச்சூர்களுக்காக வாதிட்டார். போரின்போது படைகளுக்குப் பயிற்சி பெற்ற வானொலியாளர்களை வழங்கியது அமெச்சூர் இயக்கமே என்பது அவர் தரப்பின் வலுவான சான்றாக இருந்தது. உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தினரும் தத்தம் தொகுதி உறுப்பினர்களுக்கு மடல்கள் எழுதினர். முன்வரைவு கைவிடப்பட்டது.

1919 ஏப்ரலில் கேட்பதற்கான தடையும், அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அனுப்புவதற்கான தடையும் நீக்கப்பட்டன. கூட்டமைப்பிடம் அப்போது பணம் இல்லை. உறுப்பினர்களுக்குக் கடன் பத்திரங்கள் விற்று நிதி திரட்டப்பட்டது. டஸ்காவின் உடைமையாக இருந்த இதழைக் கூட்டமைப்பு விலைக்கு வாங்கியது. கென்னத் வார்னர் ஊதியம் பெறும் முழுநேரச் செயலாளராக அமர்த்தப்பட்டார். அன்று முதல் அமைப்பின் அன்றாடப் பணி எவரது ஓய்வு நேரத்தையும் நம்பியிருக்கவில்லை.

கடல் கடந்த தொடர்பு

1921 இல் கூட்டமைப்பு பால் காட்லி என்பவரைச் சிறந்த அலைவாங்கியுடன் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ரோசன் என்னும் கடற்கரை ஊரில் கூடாரமடித்துத் தங்கிய அவர், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க அமெச்சூர்களின் குறிகளைக் கேட்டார். 1923 நவம்பரில் கனெடிகட்டைச் சேர்ந்த பிரெட் ஷ்னெல், பிரான்சின் நீசு நகரிலிருந்த லியோன் டெலோய் ஆகியோரிடையே முதல் இருவழித் தொடர்பு ஏற்பட்டது. இதற்குப் பயன்பட்ட அலைநீளம் ஏறத்தாழ 110 மீட்டர். பயனற்றவை என ஒதுக்கப்பட்ட சிற்றலைகள் உலகின் தொலைதூரத் தொடர்புக்கு ஏற்றவை என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அவை வளிமண்டலத்தின் மேலுள்ள மின்னணுப் படலத்தால் திருப்பப்பட்டுப் புவியை மீண்டும் அடைவதே இதற்குக் காரணம்.

1925 ஏப்ரலில் பாரிசு நகரில் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் நிறுவப்பட்டு, மாக்சிம் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 ஆம் ஆண்டு வாஷிங்டன் பன்னாட்டு வானொலி மாநாடு அமெச்சூர்களுக்கெனத் தனி அலைவரிசைகளை உலக அளவில் ஏற்றுக்கொண்டது. ஒன்றியம் தொடங்கிய ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பிற ஆர்வங்கள்

மாக்சிம் 1926 இல் அமெச்சூர் திரைப்படக் கூட்டமைப்பையும் தொடங்கினார். சொந்தமாகப் படம் எடுப்போரை ஒன்றிணைப்பது அதன் நோக்கம். வானியலிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். தம் தந்தையைப் பற்றி இவர் எழுதிய நூல் 1936 இல் வெளிவந்தது. மோட்டார் வண்டி நினைவுகள் குறித்த நூல் இவரது மறைவுக்குப்பின் வெளியாயிற்று.

மறைவு

கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைக் காண்பதற்காகத் தொடர்வண்டியில் சென்றபோது மாக்சிம் நோயுற்றார். வழியில் கொலராடோ மாநிலத்தின் லா ஜூண்டா நகரில் இறக்கப்பட்டு, பெப்ரவரி 17, 1936 அன்று காலமானார். இறக்கும் வரை கூட்டமைப்பு, ஒன்றியம் ஆகிய இரண்டுக்கும் இவரே தலைவராக இருந்தார். இவரது நிலையத்தின் அழைப்புக்குறியான டபிள்யூ1ஏடபிள்யூ கூட்டமைப்பின் தலைமை நிலையத்துக்கு வழங்கப்பட்டது. இவரது நினைவாக 1938 இல் நியூவிங்டனில் எழுப்பப்பட்ட கட்டடத்திலிருந்து அந்நிலையம் இயங்கிவருகிறது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் தோன்றியது. தமிழகத்தில் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் மே 16, 1924 அன்று தொடங்கப்பட்டது. ஜூலை 31 முதல் 40 வாட்டு அலைபரப்பி மூலம் ஒலிபரப்பை நடத்தியது. ஹார்ட்ஃபோர்டு கழகத்தைப் போன்று இதுவும் ஆர்வலர்களின் அமைப்பே. ஆனால் நோக்கம் வேறு. ஹார்ட்ஃபோர்டில் ஒவ்வோர் உறுப்பினரும் தம் நிலையத்தின் செலவைத் தாமே ஏற்றார். சென்னையில் ஒரே நிலையம் அனைவருக்கும் இசையும் உரையும் வழங்கியது. அதன் செலவு முழுவதும் கழகத்தைச் சார்ந்தது. பணமுடையால் 1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது. எனினும் அதன் உழைப்பு வீணாகவில்லை. அலைபரப்பி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட, மாநகராட்சி ஏப்ரல் 1, 1930 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938 இல் அகில இந்திய வானொலி அப்பணியை ஏற்றது.

இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் மாக்சிம் தலைமை தாங்கிய பன்னாட்டு ஒன்றியத்தில் உறுப்பினராக உள்ளது. இந்தியாவில் நடுவண் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றோர் அமெச்சூர் நிலையம் அமைக்கலாம். டிசம்பர் 26, 2004 அன்று ஆழிப்பேரலை குமரி மாவட்டக் கடற்கரை உட்படப் பல பகுதிகளைத் தாக்கியபோது, அந்தமான் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்காகச் சென்று தங்கியிருந்த குழுவினர் வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப உதவினர். தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், உறவினரின் நலம் குறித்த செய்திகள் நிலையம் விட்டு நிலையம் கைமாறிச் சென்றன. 1914 இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து வின்சர் லாக்ஸ் வழியாகச் சென்ற செய்தியும் இம்முறையிலேயே அனுப்பப்பட்டது.