கல்விக்கொடை தந்த கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

கர்மவீரர் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு வருபவர் பெருந்தலைவர் காமராசர். அதே பட்டத்தை மராட்டிய மக்கள் தம் நாட்டுப் பெரியார் ஒருவருக்கு வழங்கியிருக்கின்றனர். அவரும் ஏழைச் சிறுவர்களுக்குக் கல்விக் கண் திறந்தவரே. அவர் நம் சமயத்தவர். திகம்பர சமண வேளாண் குடியிற் பிறந்தவர் என்னும் செய்தியை நம்மில் பலர் அறியோம். இத்திருநாள் மலரில் அப்பெருமகனாரின் வரலாற்றை நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அறியும் வண்ணம் சுருங்கக் கூற விழைகின்றேன்.

கோலாப்பூர் மாவட்டத்தில் கும்போஜ் என்றோர் ஊர் உண்டு. அதனை அடுத்துள்ள குன்றில் பாகுபலி பகவானின் திருவுருவம் நிற்கின்றது. நம்மவருள் யாத்திரை சென்று அங்கு வழிபட்டு வந்தோர் பலர். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பாவுராவ் பிறந்தார். தந்தையார் பாயகௌண்டா, வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணியாற்றியவர், தாயார் கங்காபாய். மராத்தியர், சமணர், லிங்காயத்தர், இசுலாமியர், மகார், மாங் என்று பல குலத்தாரும் அடுத்தடுத்து வாழும் நிலப்பகுதி அது. மராத்தியும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். வயலில் அனைவரும் ஒன்றாக உழைப்பர்; கிணற்றடியிலோ பிரிந்து நிற்பர். தாகத்தோடு வந்தோருக்கு நீர் மறுக்கப்பட்டதைக் கண்ட சிறுவன் பாவுராவ், அக்கிணற்றின் இராட்டினத்தையே உடைத்தெறிந்தான் என்று அப்பகுதி மக்கள் இன்றும் கூறுவர்.

உயர்நிலைக் கல்விக்காக அவர் கோலாப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்குச் சமண மாணவர் விடுதியில் தங்கிப் பயின்றார். அக்காலத்தில் அந்நாட்டை ஆண்டவர் சாகு மகாராசர். ஒடுக்கப்பட்டோர் கல்வி பெறவேண்டும் என்பதில் உறுதி கொண்ட மன்னர் அவர். தீண்டத்தகாதார் எனப்பட்ட சிறுவர்களுக்காக 1908இல் மிஸ் கிளார்க் விடுதி தொடங்கப்பெற்றது. அதன் திறப்பு விழாவுக்குப் பாவுராவ் சென்று வந்தார். அவ்விழாவுக்குச் சென்றவர் குளித்துத் தூய்மை பெற்ற பின்னரே உணவுக்கூடத்தினுள் வரலாம் என்று சமண விடுதியினர் கூறினர். குளிக்க மறுத்தார் பாவுராவ், விடுதியினின்றும் வெளியேற்றப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை மறைத்து எழுதுவதால் நமக்குப் பெருமை சேராது. தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் தேவரும் மனிதரும் விலங்கும் பறவையும் ஒருங்கே அமர்ந்து அறம் கேட்டதாக நம் ஆகமங்கள் பேசுகின்றன. அந்த மண்டபத்தின் வாயிலில் குளித்துவிட்டு வருக என்று எவரும் தடுத்து நிறுத்தப்படவில்லை. சமய நூலைப் பெரிதாகக் கற்றிராத அந்த இளைஞர், சமவசரணத்தின் பொருளைத் தம் விடுதிப் பெரியோரினும் நன்றாக உணர்ந்திருந்தார். வெளியேற்றப்பட்டவருக்கு மன்னரின் ஆதரவு கிடைத்தது. எனினும் படிப்பு தொடரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்விற்கூடத் தேறாமலே பள்ளி வாழ்வு முடிந்தது.

1914இல் மற்றொரு சோதனை வந்தது. கோலாப்பூரில் இருந்த ஆங்கிலேய அரச குடும்பத்துச் சிலைக்கு யாரோ தார் பூசிவிட்டனர். அண்ணாசாகேப் லட்டே என்னும் சமணத் தலைவரை அவ்வழக்கில் சிக்கவைக்க முயற்சி நடந்தது. தென் மராட்டியச் சமணர் சபையை வளர்த்தவர் லட்டே. கோலாப்பூர்ச் சமண விடுதியோடும் நெருங்கிய தொடர்புடையவர். அவருக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறுமாறு பாவுராவை வற்புறுத்தினர். மறுத்தமையால் சிறையில் அடைத்துத் துன்புறுத்தினர். தம்மை வெளியே தள்ளிய வட்டத்தைச் சேர்ந்தவர்தானே என்று அவர் எண்ணவில்லை. எத்துணைத் துன்புறுத்தியும் பொய்யுரைக்க மறுத்துவிட்டார். அணுவிரதங்களுள் வாய்மையை நாம் நாள்தோறும் எண்ணுகின்றோம்; அவர் அதனைச் சிறையில் நோற்றார்.

விடுதலை பெற்றபின் பிழைப்புக்காகப் பல தொழில் புரிந்தார். சாத்தாராவில் மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். ஓகலே கண்ணாடித் தொழிற்சாலையின் பொருள்களையும் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைகளையும் விற்பதற்காக ஊர் ஊராகச் சென்றார். இப்பயணங்களே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயின. கலப்பையை விற்கப் போன இடமெல்லாம், கடன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைக்கும் உழவரைக் கண்டார். பள்ளியில்லாத ஊர்களையும், பள்ளியிருந்தும் உள்ளே செல்ல இயலாமல் வாசலில் நிற்கும் சிறுவர்களையும் கண்டார். சோதிபா பூலே நிறுவிய சத்தியசோதக சமாசத்தின் கொள்கைகள் அவர் உள்ளத்தில் ஊன்றின. நிலத்தை உழும் கலப்பையோடு மனத்தை உழும் கலப்பையும் வேண்டும் என்ற தெளிவு பிறந்தது.

1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், கராடு வட்டத்தில் உள்ள காலே என்னும் சிற்றூரில் ரயத் சிட்சண் சன்ஸ்தா என்னும் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். 1924இல் நிறுவனத்தைச் சாத்தாராவுக்கு மாற்றி, அங்கு ஒரு விடுதி அமைத்தார். அவ்விடுதியின் தனிச்சிறப்பு யாதெனின், எல்லாக் குலத்துச் சிறுவரும் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் உண்டதாகும். குலத்துக்கொரு விடுதி என்பதே அக்கால வழக்கம். தம்மை வெளியேற்றிய விடுதிக்கு அவர் அளித்த மறுமொழி இதுவே. சினந்து ஒரு சொல்லும் கூறாமல், வேறுவகையான விடுதி ஒன்றைக் கட்டிக் காட்டினார். 1927இல் காந்தியடிகள் அங்கு வருகை தந்து, சத்திரபதி சாகுவின் பெயரை அவ்விடுதிக்குச் சூட்டி வாழ்த்தினார். பூனா ஒப்பந்தத்தின் நினைவாகப் பூனாவிலும் யூனியன் விடுதி என்ற பெயரில் ஒன்று எழுந்தது.

இங்கு இலட்சுமிபாய் அம்மையாரைப் பற்றிக் கூறாது செல்லுதல் பிழையாகும். ஆசாரம் மிக்க சமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பாவுராவுக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். பிற குலத்தாரைச் சமையற்கட்டில் சேர்ப்பது அவருக்குத் தொடக்கத்தில் எளிதாக இருந்திருக்காது. ஆயினும் நாளடைவில் அத்துணைச் சிறுவருக்கும் தாயானார். மாணவர் பாவுராவை அண்ணா என்றும், அம்மையாரை வகினி, அதாவது அண்ணி என்றும் அழைத்தனர். விடுதியில் தானியம் தீர்ந்தபோதெல்லாம் அம்மையாரின் நகைகள் ஒவ்வொன்றாக விலைபோயின. ஒருநாள் விற்பதற்கு வேறு எதுவும் இல்லை. பிள்ளைகள் பசித்திருந்தனர். தம் மங்கலநாணையே கழற்றிக் கொடுத்து அன்று உணவு அளித்தார் அம்மையார். கணவர் உயிரோடிருக்க மங்கலநாணை இழப்பது நம் பெண்களுக்கு எத்துணைக் கொடிய செயல் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. 1930இல் அம்மையார் காலமானார். அவர் கண்ட பயன் சிறிது. நட்ட விதையோ பெரிது.

கற்கும்போதே உழைத்துப் பொருளீட்டுதல் என்பது பாவுராவ் வகுத்த முறை. மாணவர் நிலத்தை உழுதனர், கிணறு வெட்டினர், கல் உடைத்துத் தம் பள்ளிக் கட்டடத்தைத் தாமே எழுப்பினர், முறைவைத்துச் சமைத்தனர். தானமாகப் பெறும் கல்வி மாணவனைக் கூனிக் குறுகச் செய்துவிடக் கூடாது, தன் வியர்வையால் பெற்றதென்று அவன் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது அவர் கருத்து. பணம் தர இயலாத ஊர்மக்கள் தானியம் தந்தனர். அடுப்பில் ஏற்றுமுன் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி முறையை அவ்வூர்ப் பெண்டிர் விடாது கடைப்பிடித்தனர். 1935இல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும், 1940இல் மகாராசா சயாசிராவ் உயர்நிலைப் பள்ளியும், 1947இல் சாத்தாராவில் சத்திரபதி சிவாசி கல்லூரியும், 1954இல் கராடில் காட்கே மகராசர் பெயரால் ஒரு கல்லூரியும் தோன்றின. ஆசிரியரை உருவாக்கிய பின்னரே பள்ளிகளைப் பெருக்கினார் என்பது ஆசிரியனாக வாழ்ந்த எனக்கு மிகவும் உவப்பான செய்தி. அடித்தளமின்றிச் சுவர் எழுப்புதல் அவர் இயல்பன்று.

காந்தியடிகள் மறைந்தபோது, அவர் நினைவாக நூற்றொரு உயர்நிலைப் பள்ளிகள் அமைப்பதாக உறுதி பூண்டார். அந்நாளில் அவருடைய பேச்சொன்று தவறாக உணரப்பட்டு, நிறுவனத்துக்கு வந்துகொண்டிருந்த அரசு மானியம் நிறுத்தப்பட்டது. பள்ளிகள் மூடப்படவில்லை. ஆசிரியர்கள் ஊதியமின்றியும் பாடம் நடத்தினர். குடியானவர் தானிய மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினர். பின்னர் அரசே மானியத்தை மீண்டும் வழங்கியது.

1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருது அளித்தது. பூனாப் பல்கலைக்கழகம், மெட்ரிகுலேஷன் தேறாத அம்முதியவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அவ்வாண்டு மே மாதம் 9ஆம் நாள் அவர் மறைந்தார். நிறுவனத்தின் சின்னம் ஆலமரம். விழுது விட்டு விழுது விட்டு, இன்று 700க்கும் மேற்பட்ட கிளைகளோடு அது பரந்து நிற்கின்றது.

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களை நாம் அறிவோம். பாவுராவ் நடத்திய ஒரு விடுதிக்குள் இந்நான்கும் அடங்கியிருந்தன: பசித்தவனுக்கு உணவு, நோயுற்றவனுக்குப் பேணுதல், விரட்டப்பட்டவனுக்கு அடைக்கலம், அறியாதவனுக்கு எழுத்து. தமிழில் கல்விக்கூடத்துக்குப் பள்ளி என்ற பெயர் வழங்குவதே சமண முனிவர் உறைந்த பள்ளிகளால்தான் என்று அறிஞர் கூறுவர். முனிவர் வாழ்ந்த குகைப்பள்ளிகளில் எழுத்தறிவு பெற்றவருள் எல்லாக் குடியினரும் இருந்திருப்பர் அன்றோ?

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் நம் சிற்றூர்கள் பல இன்று முதியோர் மட்டும் வாழும் ஊர்களாகி வருகின்றன. பிள்ளைகள் கற்று நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் தொடக்கக் கல்வி பயின்ற ஊர்ப்பள்ளிகளில் இன்று அமர்ந்திருப்போர் நம் அண்டை வீட்டு ஏழைக் குழந்தைகள். ஆலயத் திருப்பணிக்கு நாம் அள்ளி வழங்குகின்றோம், வழங்கவேண்டும். அத்துடன் ஆண்டுக்கொரு முறை, நம் ஊர்ப் பள்ளியின் ஒரு வகுப்பறைக்கோ, கட்டணம் கட்ட இயலாத ஒரு மாணவிக்கோ ஒரு பிடி எடுத்து வைப்போமா? அம்மாணவி எக்குலத்தவள் என்று வினவாமல் கொடுப்போமா? மங்கலநாணைக் கழற்றுமாறு எவரும் நம்மைக் கேட்கவில்லை. ஒரு பிடி போதும்.

அறம் வளர்க!