சென்னை டு லண்டன்... ராமானுஜனுக்கு 28 நாள்!

மீனம்பாக்கத்துல ஏறினா லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். நேரடி ஃப்ளைட்டில் பத்து, பதினோரு மணி நேரம். ரெண்டு படம், ஒரு தூக்கம், அவ்வளவுதான். கணித மேதை ராமானுஜன் அதே லண்டனுக்குப் போன கதை தெரியுமா உங்களுக்கு?

சென்னை துறைமுக அலுவலகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் அவர். 1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் கணக்குகளைக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஹார்டி பதில் எழுதிய தேதி பிப்ரவரி 8. ப்ளூ டிக் வராமல் அஞ்சு நிமிஷம்கூட நம்மால் இருக்க முடியலையே!

ஹார்டி கூப்பிட்டதும் அவர் கிளம்பிவிடவில்லை. கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று நம்பிய குடும்பம். நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகுதான் அம்மா கோமளத்தம்மாள் சம்மதித்தார் என்று சொல்வார்கள். புறப்படும் முன்பே அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமியை வெட்டிக்கொள்வதை அவர்கள் பார்க்க வேண்டாமே என்றுதான். (எனக்கு இந்தக் கதையில் ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.)

1914 மார்ச் 17, நெவாசா கப்பல் கிளம்பியது. கொழும்பு வரை ஒரே குமட்டல். சூயஸ் கால்வாய் வழியாக ஏப்ரல் 14-ம் தேதி லண்டன். மொத்தம் 28 நாள்.

அங்கே போய் நாலே மாதத்தில் உலகப் போர் வெடித்தது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்தன; நினைத்தால் ஊர் திரும்ப முடியாது. குளிரில் தானே சமைத்துச் சாப்பிட்ட சைவக்காரருக்குப் போர்க்காலத்தில் காய்கறிக்கும் திண்டாட்டம். 1917-ல் உடம்பு படுத்துவிட்டது. அடுத்த வருஷம் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனார், அதுவும் நோயாளியாகத்தான்.

இதற்கிடையே ஜானகியின் கடிதங்கள் மாமியாரைத் தாண்டி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்கிறார்கள். 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியபோது அம்மா வந்திருந்தார். ஜானகி எங்கே என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாம்.

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டா நினைச்சுப் பாருங்க. ஏப்ரலில் அவர் தங்கியிருந்த வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு ஜானகி அவரிடம் வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

ஒரு வருஷம்தான் கிடைத்தது. 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதிலும் புதுக் கணக்கு. ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார். திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார்.