மைசூர் அரண்மனை சமையல்காரர் வள்ளிமலை சுவாமிகள் ஆன கதை

ஓம் சரவணபவ. 

நம்ம குழுவுல நிறைய பேர் இப்போ வேல்மாறல் பாராயணம் பண்றோம். அதை யார் கொடுத்தாங்கன்னு கேட்டா அருணகிரிநாதர்னு சொல்லுவோம். வரிகள் அவருடையவைதான். ஆனா அவருடைய வேல் வகுப்பில் உள்ள 16 அடிகளை மாற்றி மாற்றி அமைத்து, 64 அடிகள் கொண்ட பாராயணமாக நமக்குத் தந்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள்.

நான் கடம்பத்தூர். இன்ஜினியரிங் முடிச்சிட்டு சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன். மாசம் பொறந்தா சம்பளம் வருது, ஆனா நாம எதுக்காகப் பிறந்தோம்ங்கிற கேள்வி மட்டும் போகவே மாட்டேங்குது. இங்கே கம்பெனிகள்ல ஷிப்ட் பார்க்கிற என் நண்பர்களும் இதையேதான் சொல்றாங்க. அதனாலதான் சுவாமிகள் வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர் பிறந்தது 1870-ல். பெற்றோர் வைத்த பெயர் அர்த்தநாரி. பெரிய படிப்பு கிடையாது. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. கல்யாணம், குடும்பம் எல்லாம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தா குறையில்லாத வாழ்க்கைதான். ஆனா தீராத வயிற்று வலி அவரைப் படுத்தி எடுத்தது. ஊருக்கே ருசியா சமைச்சுப் போடுறவர், தன் வயித்துக்கு நிம்மதியா சாப்பிட முடியாத நிலை!

1908-ல் குடும்பத்தோடு பழநிக்குப் போனார். அப்போ வயசு 38. வலி தீரணும், அது ஒண்ணுதான் வேண்டுதல். அங்கேயே தங்கி, தண்டாயுதபாணிக்கு அபிஷேகம் செய்த பாலைப் பிரசாதமாக அருந்தி வந்தார். நோய் குணமாச்சு.

குணமானவர் ஊர் திரும்பியிருந்தா இன்னிக்கு அவரைப் பத்திப் பேசவே மாட்டோம். பழநி சந்நிதியில் ஒரு பெண்மணி திருப்புகழ் பாடி அபிநயம் பிடித்ததைக் கேட்டார். அந்தச் சந்தமும் சொல்லும் அவரை அப்படியே பிடிச்சுக்கிச்சு. வயிற்று வலிக்கு மருந்து தேடிப் போனவருக்கு, வாழ்க்கை முழுக்கச் செய்ய வேண்டிய வேலையையே முருகன் கையில கொடுத்துட்டான்.

அதுக்கப்புறம்தான் உண்மையான உழைப்பு ஆரம்பம். திருப்புகழ் அப்போதான் அச்சில் வந்திருந்த காலம். வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடி, 1894-ல் முதல் பகுதியை வெளியிட்டிருந்தார். திருப்புகழை எழுத்துக்கூட்டிப் படித்து, பாடிப் பாடி மனசில ஏத்திக்கிட்டார் நம்ம அர்த்தநாரி. நாற்பதை நெருங்குற வயசுல ஒரு மாணவனா உட்கார்றது சின்ன விஷயமா? அதிலும் திருப்புகழ் சந்தம் எவ்வளவு கடினம்னு பாடிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

பிறகு துறவு. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் போனார். மகரிஷி அவரை மலையிலிருந்து கீழே இறங்கிப் போகச் சொன்னார். கீழே அவரைச் சந்தித்தவர் சேஷாத்ரி சுவாமிகள். திருப்புகழே உனக்கு மகாமந்திரம், வேறெதுவும் தேட வேண்டாம், வள்ளிமலைக்குப் போ என்று வழி காட்டினார். வள்ளிமலை இன்றைய வேலூர் மாவட்டத்தில், பொன்னை பக்கத்தில் இருக்கிறது. வள்ளியம்மை வளர்ந்த மலை. அங்கே ஆசிரமம் அமைத்துத் தங்கினார். பெயரோடு மலையும் ஒட்டிக்கொண்டது.

ஆனா அவர் குகைக்குள்ள முடங்கிடல. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜனவரி 1 அன்று துரைமார்களைப் போய்ப் பார்த்து வாழ்த்துச் சொல்வது வழக்கம். துரையைப் பார்ப்பதற்குப் பதிலா, துரைகளுக்கெல்லாம் துரையான தணிகை நாதனைப் போய்ப் பார்ப்போம் என்று அவர் மக்களைத் திருப்பினார். 1917 டிசம்பர் 31 அன்று தொடங்கியதுதான் திருத்தணி படித்திருவிழா. வருஷத்தின் நாட்களைப் போல 365 படிகள். படிக்கு ஒரு திருப்புகழ். நம்ம கடம்பத்தூர்ல ரயில் ஏறினா, திருவாலங்காடு, அரக்கோணம் தாண்டி திருத்தணி. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஒவ்வொரு டிசம்பர் 31-ம் அந்தப் படிகள்ல பாட்டு கேட்குதுன்னா, அதுக்கு விதை போட்டவர் இவர்தான்.

1950-ல் சமாதி அடைந்தார். பழநியில் அந்தப் பாட்டு காதில் விழுந்ததிலிருந்து கணக்குப் போட்டா 42 வருஷம். ஒரே வேலை: திருப்புகழைத் தானும் பாடி, மத்தவங்களையும் பாட வைப்பது.

எனக்குப் புரிஞ்சது இதுதான். பிறவிப் பயன் என்னன்னு யோசிச்சுக்கிட்டே அவர் உட்காரல. வலியோடு முருகனிடம் போனார். காதில் விழுந்ததை விடாமப் பிடிச்சுக்கிட்டார். தெரியாததைக் கத்துக்கிட்டார். கத்துக்கிட்டதை ஊருக்கே கொடுத்தார். எல்லாரும் வேலையை விட்டுட்டு மலைக்குப் போகணும்னு இல்லை. ஆனா மனசைத் தொட்ட ஒரு நல்ல விஷயத்துக்குத் தினமும் அரை மணி நேரம் கொடுக்க நம்மால முடியும்.

இன்னிக்கு வேல்மாறல் படிக்க உட்காரும்போது அந்தச் சமையல்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. வழி தெரியாம தவிக்கிற தம்பி தங்கைகள் இருந்தா இதை அவங்களுக்கும் அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!