பைபிளும் சத்திரக் கத்தியும்: மானிப்பாய் கிறீன் வைத்தியரின் கதை

அண்ணாவை நாங்கள் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகலில். அதன் பிறகு அம்மா ஏறாத கோயில் இல்லை, கேட்காத சாத்திரமும் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், வடக்குத் திசையில் இருக்கிறார் என்று ஒரு சாத்திரகாரர் சொன்ன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை. விரத நாளில் நீரிழிவு மாத்திரையையும் விட்டுவிடுவார். மூன்று வருடங்களுக்கு முன் அவரது காலில் வந்த புண் ஆறவில்லை. உங்களுடைய நம்பிக்கைதான் உங்களைக் கொல்லப்போகிறது என்று நான் கோபத்தில் சொல்லிவிட்டேன்.

பிறகு அவரது கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பல வருடக் குறிப்புகள். எல்லாமே ஆங்கிலம். உங்களுக்கு என்ன வருத்தம் என்று யாராவது விளங்கப்படுத்தினார்களா என்று கேட்டேன். சீனி கொஞ்சம் கூட என்று சொன்னவர்கள், அவ்வளவுதான் என்றார். கால் புண்ணுக்கும் சீனிக்கும் தொடர்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கொப்பிதான் என்னைச் சாமுவேல் பிஸ்க் கிறீனிடம் கொண்டுபோனது. மானிப்பாயில் அவரது பெயரைத் தாங்கிய வைத்தியசாலையைத் தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. அந்த மனிதரைத் தெரிந்தவர்களும் குறைவு.

கிறீன் 1822-இல் ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845-இல் பட்டம் பெற்றார். நியூயோர்க்கின் சென்ரல் பார்க்கை உருவாக்குவதில் பெரும் பங்கெடுத்த அன்ட்ரூ கிறீன் அவருடைய சகோதரர். சாமுவேலும் அந்த நகரில் நல்ல வருமானத்தோடு இருந்திருக்கலாம். அவரைக் கப்பலேற்றியது விஞ்ஞான ஆர்வம் அல்ல, மத நம்பிக்கை. கிறிஸ்துவை அறியாதவர்களுக்கு அவரை அறிவிக்க வேண்டும் என்ற உறுதியோடு, 25 வயது நிறையும் காலத்தில், 1847-இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்ற மிசன் வைத்தியர் இருந்திருக்கிறார். வட்டுக்கோட்டையில் தொடங்கிய கிறீன் 1848-இல் மானிப்பாய்க்கு மாறி, அங்கே நோயாளரைப் பார்த்தபடியே இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். இலங்கையில் மேலைத்தேய மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதல் இடமாக அது கருதப்படுகிறது.

அதே 1848-இல்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசனரிகள் ஒரு பக்கம், சைவ மறுமலர்ச்சி மறுபக்கம் என்று யாழ்ப்பாணம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். கிறீனின் மருந்து தேவைப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். மருந்தை வாங்கினார்கள், புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள், வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசினார்கள்.

கிறீனைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. சைவத்தை அவர் இருளாகவே பார்த்தார். உடலுக்குச் செய்யும் வைத்தியம் ஆன்மாவுக்கான வாசல் என்றே அவர் நினைத்தார். யாழ்ப்பாணம் மருத்துவம் அறியாத ஊராகவும் இருக்கவில்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தின் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இங்கேதான் எழுதப்பட்டன.

மேலைத்தேய மருத்துவமும் எல்லாவற்றையும் அறிந்திருக்கவில்லை. கிறீன் இங்கிருந்த காலத்தில் கொலரா திரும்பத் திரும்ப வந்தது. சனங்கள் அம்மனிடம் ஓடினார்கள். படித்த வைத்தியர்களில் பெரும்பாலானோரோ கெட்ட காற்றினால் கொலரா வருகிறது என்று நம்பினார்கள். கொலராக் கிருமியை றொபேர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884-இல். அந்த ஆண்டு மே மாதம் கிறீன் இறந்துபோனார். அதாவது அவர் யாழ்ப்பாணத்தில் கொலராவோடு போராடிய காலம் முழுவதும், அம்மனை நம்பியவருக்கும் காற்றை நம்பியவருக்கும் உண்மையான காரணம் தெரியாது. வித்தியாசம் ஒன்றுதான். காற்றைக் குற்றஞ்சாட்டிய மருத்துவம், தான் பிழை என்று காட்டப்பட்டபோது கடைசியில் தன்னைத் திருத்திக்கொண்டது.

நம்பிக்கை அறிவுக்குக் குறுக்கே நின்ற சம்பவம் ஒன்றும் அவர் கண்முன்னே நடந்தது. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, கணிதமும் வானியலும் படிப்பித்த உயர்கல்விக்கூடம். 1855-இல் மிசன் அதை மூடியது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், எதிர்பார்த்த அளவுக்கு மதம் மாறுபவர்களும் ஊழியத்துக்கு வருபவர்களும் இல்லை என்பது மிசன் போட்ட கணக்கு. எத்தனை பேர் சிந்திக்கப் பழகினார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

கிறீனும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றார். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த அவருடைய மாணவர்களும் அரசாங்கச் சம்பளத்தைத் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். அவர் கல்வியை மூடவில்லை, மொழியை மாற்றினார். 1860-களின் நடுப்பகுதியில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். தமிழில் படித்தவர் கிராமத்தில் தங்குவார், கிராமத்து நோயாளிக்கு விளங்கக் கதைப்பார் என்பது அவர் கண்ட நியாயம். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் 62 பேர். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். தன் மாணவர்கள் காற்சட்டை போட்டு அரை வெள்ளைக்காரர் ஆவதையும் அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவராகலாம், ஆனால் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவரது எண்ணம்.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. உடற்கூறும் உடற்றொழிலும் சொல்லும் முதல் நூலை 1852-இலேயே தமிழாக்கியிருந்தார். பிறகு பிரசவ வைத்தியம், 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875-இல் கெமிஸ்தம் என்று தொடர்ந்தன. மாணவர்களும் தமிழறிந்தவர்களும் கூடவிருந்து உழைத்தார்கள். தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடினார்கள், இல்லாவிட்டால் வடமொழியில், அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில். எல்லாமாக 4000 பக்கங்களுக்கு மேல்.

உடல்நலம் குன்றி 1850-களின் இறுதியில் ஊர் திரும்பியவர், திருமணம் செய்து 1862-இல் மறுபடி வந்தார். 1873-இல் நிரந்தரமாகப் புறப்பட்டார். வூஸ்டரில் இருந்தபடியும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. மனுஷ சுகரணம் 1883-இல் வெளிவந்தது, இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. தன் கல்லறைக் கல்லில் தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்று பொறிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அவர் போனபின் தமிழ் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது, நாடு அந்த வழியே போனது. கிறீனை ஊர் மறந்துவிட்டிருந்த காலத்தில், 1967-இல், கவிஞர் அம்பி எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' அவரைத் திரும்ப ஞாபகப்படுத்தியது.

நம்பிக்கை மனித முன்னேற்றத்துக்கு உதவுமா, கெடுதல் செய்யுமா என்று கேட்டால், கிறீனின் வாழ்க்கை எனக்குத் தரும் பதில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஒரு மனிதனைக் கடல் தாண்டி அனுப்பவும், கொலராப் படுக்கைக்குப் பக்கத்தில் இருத்தவும் நம்பிக்கையால் முடிந்தது. அதே நம்பிக்கை தலைகளை எண்ணத் தொடங்கியபோது ஒரு கல்லூரியை மூடியது. கிறீன் மதம் மாற்ற நினைத்தவர்களில் பெரும்பாலானோர் மாறவில்லை. தங்கள் உடலைப் பற்றித் தங்கள் மொழியில் அறிய அவர்களுக்கு உரிமை உண்டு என்று அவர் எடுத்த முடிவுதான் மிஞ்சியது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். போன வருடம் கிளினிக்கில் ஒரு தாதி, கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சீனி இரத்தக் குழாயை என்ன செய்யும், கால் ஏன் விறைக்கிறது, மாத்திரையை விட்டால் என்ன நடக்கும் என்று தமிழில் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையும் நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுகிறார். மச்சம் மட்டும் இல்லை. அம்மாளாச்சி கோபிக்கமாட்டா என்கிறார். நான் வருடக்கணக்காகச் சண்டை பிடித்துச் சாதிக்காததை அந்தப் பத்து நிமிடம் சாதித்தது. புண் ஆறிவிட்டது.

சாத்திரகாரரிடம் போவதை அவர் நிறுத்தவில்லை. அதற்காக இப்போது நான் சண்டை பிடிப்பதுமில்லை. சீனியைப் பற்றிச் சொல்ல ஒரு தாதி வந்தார். வட்டுவாகலில் என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் இன்னும் அம்மாவுக்கு முன்னால் வந்து இருக்கவில்லை. அவர்கள் வாய் திறக்கும் வரைக்கும் அம்மா வேறு யாரிடம்தான் போய்க் கேட்பார்?