மீன் வைத்தியர் பிரான்சிஸ் டே

பிரான்சிஸ் டே என்றவுடன், 1639-ல் சென்னையில் கோட்டைக்கு இடம் பிடித்த கம்பெனிக்காரர்தான் நம்மில் பலருக்கு நினைவு வருவார். அவர் வேறு. நான் சொல்லப்போகும் டே 1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். விலங்கியல் பயிலும் நண்பர்கள் எத்தனையோ மீன்களின் விஞ்ஞானப் பெயரை அடுத்து இவர் பெயரைக் கண்டிருப்பார்கள்.

1852-ல் சென்னைப் படையில் வைத்தியராகச் சேர்ந்த டே, சில ஆண்டுகள் கழித்துக் கொச்சிக்கு மாற்றலானார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவருக்கு மீன்தான். பிழைப்புத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வாசலுக்கு வரும் மீன்கூடையைப் பார்க்கும்போதெல்லாம், அன்று அவர் கூடையில் என்னென்ன இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். 1863-ல் கொச்சியைப் பற்றி ஒரு நூலும், 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். முண்டக்கயம் மலையாற்று மீன் ஒன்றுக்குச் சென்னைக் கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டியவரும் இவரே. ‘மிஸ் கேரளா’ என்று கண்ணாடித் தொட்டிகளில் உலகெங்கும் விலைபோகும் அம்மீன், இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

நீலகிரியில் டிரவுட் மீன் வளர்க்க 1860-களில் அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை.

பின்னர் இந்திய மீன்வளத் துறையின் தலைமை அதிகாரியாகி, 1873-ல் நன்னீர் மீன்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். அவர் பணியில் பெரியது இதுவே என்பது என் எண்ணம். முட்டையிட ஆற்றை எதிர்த்தேறும் மீனை அணைக்கட்டு மறிக்கிறது. ஏறுவதற்கு வழி விட்டுக் கட்டுங்கள் என்பது அவர் கோரிக்கை. சிறுகண் வலைகளையும் நிலைப்பொறிகளையும் கட்டுப்படுத்தச் சொன்னார். 1897-ல்தான் மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை அது தடுத்தது. ஆனால் அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1889-ல், டே காலமாகிவிட்டார். ஏழையின் வலைக்கண்ணை அளப்பது சர்க்காருக்கு எளிது, தான் கட்டிய அணையைத் திருத்துவது கடினம். இதை டே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

மனிதர் கோபக்காரர். பிரிட்டிஷ் மியூசியத்து மீன் நிபுணர் குந்தருடன் தீராத பூசல். அதனால் 1883-ல் தம் சேகரத்தில் பெரும் பகுதியைச் சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம் ஆற்று மீன்களின் மூலப் பிரதிகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற வேண்டியிருப்பது இப்படித்தான்!

அவர் அஞ்சியது கொச்சிக்குத் தெற்கே, வேம்பநாட்டுக் காயலில், 1970-களில் நடந்தது. வயலுக்குள் உப்புநீர் புகாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை எழுந்தது. உவர்நீரில் குஞ்சு பொரிக்கக் கீழிறங்கும் ஆற்றுக்கொஞ்சு என்னும் பெரிய இறாலுக்கு அதனால் வழி அடைபட்டது. முகம்மா பக்கத்து மீனவர்கள் இப்போது காயலில் மூங்கிலும் மரக்கிளையும் ஊன்றி மீன்களுக்குப் புகலிடம் அமைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் வலை வீசுவதில்லை. பெங்களூரின் அட்ரீ நிறுவனம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. 2008-ல் அங்கே மீன் கணக்கெடுப்பும் தொடங்கிற்று. தொண்டர்களாக மாணவர்களும் வருகிறார்கள்.

ஒருமுறை நானும் போனேன். டேயின் நூலைப் புரட்டியவன் என்ற மிதப்போடு படகேறினேன். வலையில் வந்தவற்றுள் மூன்றுக்குத்தான் என்னால் பெயர் சொல்ல முடிந்தது. மற்றவற்றைத் துடுப்புப் போட்ட சேட்டன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.