ஒளியின் பிறப்பிடம் தேடிய வால்டர் பாடே

விண்மீன்கள் எரிவதால் ஒளி பிறக்கிறது. இது நாம் பள்ளியிலே பயின்ற பாடம். எந்த விண்மீனும் தராத ஒளியும் வானில் உண்டு என்பதை அளந்து காட்டிய பெரியார் வால்டர் பாடே.

1893-இல் ஜெர்மனியில் பிறந்த அவர், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1919-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1931-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வுக் கூடம் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் அவர் பகை நாட்டவர் ஆனார். தோழர்கள் போர்ப்பணிக்குச் செல்ல, தனித்திருந்த பாடே சோர்ந்தாரில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் மங்கிய இரவுகளில், 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆந்திரமீடா மண்டலத்தின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் கண்டார்.

போருக்குப்பின் வானொலி அலைகள் புதிய புதிர்களைக் கொணர்ந்தன. சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வலிமைமிக்க அலைகள் வந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் கிரகாம் ஸ்மித் 1951-இல் அதன் இடத்தை நுட்பமாக அளந்து தந்தார். பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியை அங்கே திருப்பினார் பாடே. இரட்டை உருவங்கொண்ட விண்மீன் மண்டலம் ஒன்று தெரிந்தது. இரு மண்டலங்கள் மோதுகின்றன என்று அவர் முடிவு கட்டினார். நண்பர் மின்கோவ்ஸ்கி ஐயுற்றார். ஆனால் அவரே எடுத்த நிறமாலையில் கொதிக்கும் வாயுவின் கோடுகள் மின்னவே, அவரும் இசைந்தார்.

எம் 87 என்னும் வானொலி மண்டலத்தின் மையத்திலிருந்து நேர்கோடாக ஓர் ஒளிக்கதிர் பாய்வதை 1918-லேயே கர்ட்டிஸ் கண்டிருந்தார். காந்தப்புலத்தில் சுழன்றோடும் எலெக்ட்ரான்களே அவ்வொளியை உமிழ்கின்றன என்றார் சோவியத் அறிஞர் ஷ்க்லோவ்ஸ்கி. அது மெய்யானால், ஒளியின் அதிர்வு பெரிதும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். 1956-இல் பாடே அதைச் சோதித்தார், அவ்வாறே அமைந்திருந்தது! அது விண்மீன்களின் வெப்பத்தில் பிறந்த ஒளியன்று என்பது உறுதியாயிற்று.

1960-இல் கோட்டிங்கனிலேயே பாடே மறைந்தார். மண்டலங்களின் மோதலே அவ்வாற்றலைத் தருகிறது என்ற அவர் கருத்து பின்னர் நிலைக்கவில்லை. மையத்திலுள்ள பெருங்கருந்துளையே ஊற்று எனத் தெளிந்தது. எம் 87-இன் கருந்துளை நிழலையே 2019-இல் உலகம் படமாகக் கண்டது.

தோழர்களே! பாடேயின் ஊகம் பிழைத்தது. அவர் எடுத்த அளவு பிழைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த மதிப்பு உண்டு.