பனிச்சறுக்கின் தந்தை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

பனி என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியற்காலையும், புல் நுனியில் நிற்கும் துளியும்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போவதற்கே காலில் நீண்ட மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு வெண்பனி மேல் சறுக்கிச் சென்ற மக்கள் நார்வே நாட்டு மலைகளில் வாழ்ந்தார்கள். அவர்களுள் ஒருவராகப் பிறந்து, அந்த அன்றாடத் தேவையை உலகம் வியக்கும் விளையாட்டாக ஆக்கிக் காட்டிய சோண்ட்ரே நோர்ஹைம் என்ற ஏழைத் தொழிலாளியின் வரலாற்றையே இங்கு எழுத விழைகிறேன்.

நார்வேயின் டெலிமார்க் மாவட்டத்தில் மோர்கடால் என்றொரு சிற்றூர். அங்கே 1825-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் பிறந்தார். பெற்றோருக்குச் சொந்த நிலமில்லை. நிலக்கிழார் ஒரு குடிசையும் சிறு துண்டு மண்ணும் கொடுப்பார். அதற்கு ஈடாக அவருடைய வயலில் உழைக்க வேண்டும். இத்தகைய குடிகளை அந்நாட்டில் ஹுஸ்மன் என்பார்கள். நோர்ஹைம் என்பதும் குலப்பெயரன்று. பிற்காலத்தில் அவர் குடியிருந்த குடிசையின் பெயர். குடியிருந்த இடமே மனிதனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிறர் நிலத்தில் உழைத்தே என்னை வளர்த்தார்கள். அதனால்தானோ என்னவோ, இவர் பெற்ற வெற்றிகளைப் படிக்கும் முன்பே இந்த இடத்தில் என் மனம் நின்றுவிட்டது.

1854-இல் ரன்னை என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் பல, வருவாயோ சிறிது. ஆயினும் பனி விழுந்துவிட்டால் அவரை வீட்டில் காண முடியாது.

அக்காலச் சறுக்குக் கட்டையில் கால்விரல் நுழையும் தோல்வார் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். குதிகால் கட்டப்படாமல் கிடக்கும். சமதரையில் செல்ல இது போதும். சரிவில் சட்டென்று திரும்பினாலோ குதித்தாலோ கட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்! நோர்ஹைம் வளையும் மரக்கொம்புகளை வைக்கோற்பிரி போல முறுக்கி, குதிகாலைச் சுற்றிப் பிணைத்தார். கட்டையின் நீளத்தைக் குறைத்து, அதன் நடுப்பகுதியை இடைபோல் சற்றே ஒடுக்கினார்.

இந்த ஒடுங்கிய இடையில்தான் நம் பாடம் இருக்கிறது. நேர் விளிம்புள்ள கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அது நேராகவே ஓடப் பார்க்கும். இடை ஒடுங்கிய கட்டையைச் சாய்த்தால் முனையும் வாலும் முதலில் பனியைத் தொடும். உடல் எடை நடுவை அழுத்த, கட்டை வில்லாக வளையும். விளிம்பு ஒரு வட்டத்தின் பகுதியாகப் பனியில் பதியும். பிறகு அந்த வளைவின் வழியே கட்டை தானே திரும்பும். வட்டப் பாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு விசை வேண்டும் என்று முதலாண்டில் படித்தோமே, அவ்விசையைப் பனிதான் விளிம்பின் வழியாகத் தருகிறது. சூத்திரம் எதுவும் அறியாத ஒருவர் இதை உளிகொண்டு செதுக்கினார். இவையெல்லாம் இவர் ஒருவரே கண்டவை என்பதை ஆய்வாளர்கள் இன்று ஒப்புவதில்லை. இவை போன்றவை முன்பும் சில இடங்களில் இருந்தனவாம். இருக்கட்டும். இவற்றைக் கொண்டு மலைச்சரிவில் என்னென்ன செய்யலாம் என்று ஊரறியக் காட்டியவர் இவரே.

மோர்கடால் இளைஞர்கள் சறுக்கும் தடத்துக்கு லோம் என்று பெயர். மேடுகள் நிறைந்தது ஒன்று, குதித்துப் பாய்வது ஒன்று என்று ஒவ்வொரு தடத்துக்கும் தனிப்பெயர் உண்டு. சாய்வில் வளைந்து இறங்கும் தடமே ஸ்லாலோம். அச்சொல்லை இன்று உலகமே வழங்குகிறது. எல்லாவற்றையும் கலந்து, துணிந்தவன் மட்டும் இறங்கும் முரட்டுத் தடமும் ஒன்று இருந்தது. 2010-இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ கிராஸ் என்ற போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. நான்கு வீரர்கள் ஒன்றாகப் புறப்பட்டு மேடு, வளைவு, பாய்ச்சல் யாவும் நிறைந்த ஒரே தடத்தில் முந்திக்கொண்டு இறங்குவார்கள். முதல் இருவரே அடுத்த சுற்றுக்கு முன்னேறுவார்கள். அந்த ஆண்டு ஆடவர் தங்கத்தை வென்றவர் சுவிட்சர்லாந்தின் மைக்கேல் ஷ்மிட். அவர் இறங்கிய தடத்தை மோர்கடால் கிழவர்கள் பார்த்திருந்தால், இது நம்முடைய முரட்டுத் தடமல்லவா என்று கேட்டிருப்பார்கள்.

1868 பிப்ரவரியில் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், பெரும் போட்டி ஒன்று நடந்தது. நோர்ஹைமுக்கு அப்போது வயது 42. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவையும் சறுக்கியே வந்து சேர்ந்தார் என்பர். நகரத்தார் நீண்ட கோலை ஊன்றிச் சறுக்கிப் பழகியவர்கள். இந்த நாட்டுப்புறத்தாரோ கோலின் மேல் சாயாமலே இறங்கி, வளைந்து நின்றார். இளைஞர்களை வென்று முதற்பரிசும் அவருக்கே கிடைத்தது. அதன் பின் மோர்கடாலைச் சேர்ந்த ஹெம்மஸ்ட்வைட் சகோதரர்கள் 1881-இல் தலைநகரில் சறுக்குப் பள்ளியே தொடங்கினார்கள். குருவுக்கோ பள்ளியுமில்லை, வயலுமில்லை.

புகழ் அடுப்பை எரிக்கவில்லை. 1884-இல், ஏறக்குறைய அறுபது வயதில், மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். முதலில் மின்னசோட்டா, பின்னர் வட டகோடா. அங்கே பனிக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான புல்வெளி! சரிவில் இறங்குவதையே வாழ்வாகக் கொண்டவருக்கு இறங்க ஒரு குன்றில்லை. என்றாலும் அவர் வீட்டு வாசலில் ஒரு சோடிச் சறுக்குக் கட்டைகள் எப்போதும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தனவாம். போட்டிகளைவிட இச்செய்தியே என்னை அதிகம் வருத்தியது. 1897 மார்ச்சில் அவர் காலமானார். டென்பி என்ற ஊருக்கருகில், நார்வே மக்கள் எழுப்பிய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் எதுவும் வைக்கவில்லை.

1952-இல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அதற்குரிய தீபம் கிரேக்க நாட்டிலிருந்து வரவில்லை. மோர்கடாலில் அவர் பிறந்த குடிசையின் அடுப்பில் ஏற்றப்பட்டு, 94 சறுக்கு வீரர்களின் கைமாறி ஆஸ்லோவை அடைந்தது. 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த ஒலிம்பிக்குக்கும் மோர்கடாலிலிருந்தே தீபம் சென்றது. அதே அமெரிக்காவின் டகோடா சமவெளியில் அவர் புதைந்த இடம் அப்போதும் அடையாளமின்றியே கிடந்தது. 1966-இல்தான் அங்கே அவர் பெயரைத் தாங்கிய கல் ஒன்று நடப்பட்டது.